இடம் மாறிச் சுரக்கும் கோழை

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1886ஆம் ஆண்டு பிறந்தவர் முத்துலட்சுமி. பெண்பிள்ளை ஒருத்தி கல்லூரிக்கு வந்தால் ஆண்பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று ஊரில் எதிர்ப்புக் கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு மன்னர் கல்லூரியில் இடம் கொடுக்கச் செய்தார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரி. 1912இல் மருத்துவப் பட்டம். பின்னாளில் சட்டமன்றத் துணைத் தலைவர், தேவதாசி ஒழிப்புப் போராளி, அவ்வை இல்லத்தை நிறுவியவர் என்று நாடறிந்த முத்துலட்சுமி ரெட்டி அவர்தான்.

1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயில் விழுந்தார். சீதபேதி என்றே வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். அது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. இளம் வயதிலேயே தங்கை இறந்துபோனார். வீட்டிலேயே ஒரு மருத்துவர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துயரத்தில் பிறந்த உறுதிதான் முப்பது ஆண்டுகள் கழித்து, 1954இல், சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையாக வடிவம் பெற்றது. தென்னிந்தியாவில் அத்தகைய மருத்துவமனை அதுவே முதல்.

அன்றைக்கு வைத்தியம் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. சீதபேதியிலும் மலத்தோடு சீதமும் ரத்தமும் போகும். மலக்குடல் புற்றிலும் போகும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் அந்தச் சீதத்தின் வேதியியல் ஒன்றல்ல. குடலின் உட்சுவரில் ஒரு செல் தடம் மாறத் தொடங்கும்போது அது சுரக்கும் கோழையும் மாறுகிறது. புற்று உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, பாலிப் என்ற சிறு முளையாக அது இருக்கும்போதே, இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. எந்தக் கோழை எங்கே சுரக்க வேண்டும் என்று தீர்மானிப்பவை மியூசின் மரபணுக்கள். அவை நிலை தவறுவதைப் பற்றியதே இந்த அத்தியாயம்.

குடலுக்குக் கோழை எதற்கு?

பெருங்குடல் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம். நம் உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை குடியிருப்பது இங்கேதான். இவற்றுக்கும் நம் உடலுக்கும் நடுவே இருப்பது ஒற்றை வரிசைச் செல்கள். அந்த ஒற்றை வரிசையின் மேல் படர்ந்திருக்கும் கோழைதான் முதல் தடுப்பு.

பெருங்குடலின் உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்தால் அது சமதளமாக இராது. நெருக்கமாகத் தோண்டிய நுண்குழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவை பிரிந்து பிறக்கும் புதிய செல்கள் குழியின் சுவரோரமாக மேலே ஏறுகின்றன. ஏறும் வழியில்தான் ஒவ்வொன்றும் இன்ன வேலைக்கு என்று முதிர்கிறது. சில செல்கள் நீரை உறிஞ்சும் வேலைக்குப் போகின்றன. சில, கிண்ணச் செல்களாகிக் கோழை சுரக்கின்றன. மேற்பரப்பை எட்டியதும் ஆயுள் முடிந்து உதிர்கின்றன. இந்தப் பயணம் முழுவதும் ஐந்து நாள் அளவில் முடிந்துவிடும். குடலின் உட்சுவர் வாரத்துக்கு ஒருமுறை புதிதாகிறது என்றே சொல்லலாம்.

கிண்ணச் செல்லின் வயிற்றுப் பகுதி முழுக்க மியூசின் நிரம்பியிருக்கும். மியூசின் ஒரு புரதம். பெருங்குடலின் முதன்மை மியூசினுக்கு மக்-2 என்று பெயர். 5,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்த நீண்ட சங்கிலி அது. அந்தச் சங்கிலியில் செரின், த்ரியோனின் என்ற அமினோ அமிலங்கள் மிகுந்த பகுதிகள் உண்டு. அந்த இடங்களில் எல்லாம் சர்க்கரை மூலக்கூறுகள் கிளை கிளையாக ஒட்டுகின்றன. முதலில் ஒரு சர்க்கரை, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் சயாலிக் அமிலமோ சல்பேட்டோ என்று வரிசை தவறாமல் ஏறும். முழுதாக முடிந்த மியூசினின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். நீரைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்தச் சர்க்கரைக் கிளைகளின் வேலை.

செல்லுக்குள் இருக்கும் வரை கால்சியமும் அமிலத்தன்மையும் மியூசினை இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கும். வெளியே வந்ததும் பைகார்பனேட் அந்தக் கால்சியத்தைப் பிரித்தெடுக்கிறது. உடனே மியூசின் நீரை இழுத்துக்கொண்டு, சர்பத்தில் போட்ட சப்ஜா விதையைப் போல, உப்பி விரிகிறது. ஆனால் சப்ஜா விதை சில மடங்குதான் பெருகும். மியூசினோ நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை கன அளவில் பெருகும்.

இப்படி விரிந்த கோழை பெருங்குடலில் இரண்டு அடுக்காக நிற்கிறது. ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் மாலின் யொஹான்சனும் குன்னார் ஹான்சனும் அவர்கள் குழுவினரும் 2008இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வெளியடுக்கு தளர்வானது, பாக்டீரியாக்கள் அதில் தாராளமாக வசிக்கின்றன. உள்ளடுக்கு செறிவானது, செல்களோடு ஒட்டி நிற்பது, அதில் பாக்டீரியா நுழைய முடியாது. எலியில் இந்த உள்ளடுக்கின் தடிமன் 50 மைக்ரோமீட்டர் அளவு. மனிதரில் 200 மைக்ரோமீட்டராவது இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். இவ்வளவு மெல்லிய ஒரு படலம்தான் கோடானுகோடி நுண்ணுயிர்களை வாழ்நாள் முழுவதும் தள்ளி நிறுத்துகிறது.

பக்கத்து மரபணுக்கள்

கோழை சுரப்பது பெருங்குடல் மட்டுமல்ல. இரைப்பையும் சுரக்கிறது. அங்கே தேவை வேறு; தன் அமிலம் தன் சுவரையே அரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான மியூசின்களும் வேறு. இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் மக்-5ஏசியையும், ஆழத்துச் சுரப்பிகள் மக்-6ஐயும் சுரக்கின்றன. நலமான வளர்ந்த மனிதரின் பெருங்குடலில் இவ்விரண்டும் பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை.

வியப்பு என்னவென்றால், இந்த மூன்று மரபணுக்களும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பவை. மனிதரின் 11ஆம் குரோமோசோமின் குட்டைக் கையின் நுனியில், மக்-6, மக்-2, மக்-5ஏசி, கூடவே இன்னொரு மியூசின் மரபணுவான மக்-5பி என்று நான்கும் ஒரே தெருவில் வரிசையாக உள்ளன. உடலின் ஒவ்வொரு செல்லிலும் இந்த நான்கும் உண்டு. கண்ணின் செல்லிலும் உண்டு, கல்லீரல் செல்லிலும் உண்டு. எந்தச் செல்லில் எது வேலை செய்ய வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். குடல் செல்லில் சி.டி.எக்ஸ்-2 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் மக்-2ஐ இயக்குகின்றன. பக்கத்து மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் ஒட்டி அவற்றை அடக்கி வைக்கின்றன.

மரபணுவின் எழுத்துகள் ஒன்றுகூட மாறாமல், இந்தக் கட்டுப்பாடு மட்டும் குலைந்தாலே போதும். பெருங்குடல் செல் இரைப்பையின் கோழையைச் சுரக்கத் தொடங்கிவிடும். பாலிப்புகளில் நடப்பது இதுதான்.

கடலை காட்டிக்கொடுத்த சர்க்கரை

இந்த உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டுவிடவில்லை. மரபணுவைப் படிக்கத் தெரியாத காலத்தில் சாயங்கள்தான் துணை. 1969இல் லண்டனில் மரியா இசபெல் ஃபிலிபே குடல் திசுக்களுக்கு இரு சாயங்களை ஏற்றிப் பார்த்தார். சல்பேட் மிகுந்த கோழை பழுப்புக் கறுப்பாகவும், சயாலிக் அமிலம் மிகுந்த கோழை நீலமாகவும் தெரியும். நலமான பெருங்குடலில் கறுப்பே மிகுந்திருக்கும். புற்றுக்கட்டியை ஒட்டி, பார்வைக்கு நலமாகவே தோன்றிய பகுதியில் நீலம் மேலோங்கி நின்றது. செல்லின் உருவம் மாறுவதற்கு முன்பே அதன் கோழை மாறிவிடக்கூடும் என்ற எண்ணத்துக்கு அங்கே வித்து விழுந்தது.

அடுத்த பெரிய துப்பு, புதுக்கோட்டைக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான ஒரு பயிரிலிருந்து வந்தது. ஆலங்குடிப் பக்கம் செம்மண்ணில் விளையும் நிலக்கடலையில் லெக்டின் என்ற வகைப் புரதம் ஒன்று இருக்கிறது. அது எல்லாச் சர்க்கரையோடும் ஒட்டாது. காலக்டோசும் அசிட்டைல் காலக்டோசமைனும் இணைந்த ஓர் இரட்டைச் சர்க்கரையை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும். மியூசினின் கிளையில் அடிவாரத்தில் இருப்பது அதே இரட்டைச் சர்க்கரைதான். நலமான செல்லில் அதன்மேல் வேறு சர்க்கரைகள் ஏறி மூடிவிடுவதால் கடலை லெக்டினுக்கு அது எட்டாது. கிளை முழுமையடையாமல் பாதியில் நின்றுபோனால் அடிவாரம் திறந்து கிடக்கும், லெக்டின் ஒட்டிக்கொள்ளும்.

1982இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ரிச்சர்ட் போலண்ட், கரோலின் மான்ட்கோமரி, யங் கிம் ஆகிய மூவரும் கடலை லெக்டினில் ஒளிரும் சாயத்தை இணைத்துக் குடல் திசுக்களில் ஊற்றிப் பார்த்தார்கள். நலமான பெருங்குடலின் கோழையில் அது ஒட்டவில்லை. புற்றுத் திசுவின் கோழையில் ஒட்டியது. தீங்கற்றவை என்று கருதப்பட்ட பாலிப்புகளிலும் ஒட்டியது. புற்றின் கோழையில் காணும் அதே குறை, புற்றாக மாறாத பாலிப்பிலேயே இருந்தது. போலண்டுக்கு இது வெறும் ஆராய்ச்சிப் பொருளாக இருந்திருக்க முடியாது. அவருடைய தந்தைவழிக் குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே குடல் புற்று வந்தது, தந்தைக்கும் வந்தது. லிஞ்ச் நோய்க்கூட்டு என்று இன்று அழைக்கப்படும் பரம்பரைக் கோளாறு அது. அதை ஆராய்வதையே வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டவர் அவர்.

இதைப் படித்துவிட்டுக் கடலை தின்னவே யாரும் பயப்பட வேண்டாம். இங்கே கடலைப் புரதம் ஆய்வகத்தில் துப்பறியும் கருவி மட்டுமே. கடலை சாப்பிடுவோருக்குக் குடல் புற்று கூடுதலாக வருகிறது என்று மக்களிடையே நடந்த பெரிய ஆய்வுகள் காட்டவில்லை.

1989இல் அதே யங் கிம்மின் ஆய்வகத்தில் ஜேம்ஸ் கம் முதலானோர் குடல் மியூசின் மரபணுவின் நகலைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் மக்-2. தொடர்ந்து மற்ற மியூசின்களும் அடையாளம் காணப்பட்டன. ஒவ்வொரு மியூசினையும் தனித்தனியே கண்டுபிடிக்கும் ஆன்டிபாடிகள் கைக்கு வந்தன. கோழை மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலம் போய், எந்த மரபணு கூடியது, எது குறைந்தது என்று சொல்லும் காலம் வந்தது.

இரண்டு பாதைகள்

பாலிப் என்றால் குடலின் உட்சுவரில் மேலெழும் சதை முளை. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. பெரும்பாலானவை ஆகாது. ஆகக்கூடியவை முக்கியமாக இரண்டு வழிகளில் போகின்றன. மியூசின் கதையும் அந்த இரண்டு வழிகளில் நேர்மாறாக இருக்கிறது.

முதல் வழி அடினோமா. 1988இல் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் அடினோமா படிப்படியாகப் புற்றாவதை மரபணு மாற்றங்களின் வரிசையாகக் காட்டினார்கள். அந்த வரிசையில் முதலில் நிற்பது ஏ.பி.சி. மரபணுவின் பழுது. ஏ.பி.சி. கெட்டால், "பிரிந்துகொண்டே இரு" என்ற கட்டளை செல்லுக்குள் ஓயாமல் ஒலிக்கும். குழியின் அடியில் மட்டும் ஒலிக்க வேண்டிய கட்டளை அது. மேலே ஏறும் செல்லிலும் அது ஒலித்தால் செல் முதிராது. கிண்ணச் செல்லாக மாறுவதற்கு ஏடோ-1 என்ற புரதம் வேண்டும். அந்தக் கட்டளை ஏடோ-1ஐ அழித்துவிடும். விளைவு, கிண்ணச் செல்கள் அருகுகின்றன, மக்-2 குறைகிறது. அடினோமாவில் செல்களின் ஒழுங்கு எவ்வளவு கூடுதலாகக் கெடுகிறதோ அவ்வளவுக்கு மக்-2 பொதுவாகக் குறைகிறது. சாதாரணச் சாயமிட்ட திசுவிலேயே இது தெரியும். நலமான குழியில் வெளிறிய உருண்டைகளாக வரிசைகட்டி நிற்கும் கிண்ணச் செல்கள், அடினோமாவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகிவிடும். அவற்றின் இடத்தில் நீண்டு கறுத்த உட்கருக்கள் நெருக்கியடித்து நிற்கும்.

இரண்டாவது வழி, ரம்பப்பல் விளிம்புடைய பாலிப்புகள். குழியின் உள்விளிம்பு ரம்பத்தின் பற்களாக வெட்டியது போலத் தெரிவதால் இந்தப் பெயர். நீண்ட காலம் வரை, இவை எதற்கும் உதவாத, எதுவும் செய்யாத முளைகள் என்றே நினைத்து விட்டுவிட்டார்கள். இன்று, பெருங்குடல் புற்றுகளில் 15 முதல் 30 சதவீதம் வரை இந்த வழியில் வருவதாகக் கருதப்படுகிறது. இங்கே முதல் பழுது பெரும்பாலும் பி-ராஃப் என்ற மரபணுவில். 1999இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜெரமி ஜாஸ் குழுவினர் இத்தகைய பாலிப்புகளில் மியூசின்களைத் தேடினார்கள். மக்-2 குறையவில்லை, கூடியிருந்தது. அதோடு, இரைப்பைக்கு உரிய மக்-5ஏசியும் பெருமளவில் இருந்தது. தட்டையாகப் படர்ந்த ரம்பப்பல் பாலிப்புகள் பலவற்றில் மக்-6ஐயும் பின்னர் கண்டார்கள். முன்பு சொன்ன அந்த ஒரே தெருவில், அடைத்து வைத்திருந்த அக்கம்பக்கத்துக் கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன.

திறந்தது எப்படி? பிரான்சின் லில் நகர ஆய்வாளர்கள் 2015இல் அதைக் காட்டினார்கள்: மக்-5ஏசியை அடக்கி வைத்திருந்த மெத்தில் குறிகள் உதிர்ந்திருந்தன. அதே ரம்பப்பல் பாதையில் வேறு பல மரபணுக்களின்மேல் மெத்தில் குறிகள் அளவுக்கு மீறிக் குவிகின்றன. அப்படிக் குவிந்து ஊமையாகும் மரபணுக்களில் எம்.எல்.எச்-1 முக்கியமானது. டி.என்.ஏ. நகலெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்துவது அதன் வேலை. அது ஊமையானால் பிழைகள் குவியும். பாலிப் வேகமாகப் புற்றாகும். திறக்கக் கூடாதது திறந்து, மூடக் கூடாதது மூடிக்கொள்ளும் இந்த இரட்டைக் குளறுபடிதான் அந்தப் பாதையின் அடையாளம்.

இந்தக் கோழை, குழாய்க் கருவியால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபியைச் செய்யும் மருத்துவருக்கு நேரடியாகவே உதவுகிறது. ரம்பப்பல் பாலிப்புகள் பெரும்பாலும் பெருங்குடலின் வலப்பக்கத்தில், வெளிறிய நிறத்தில், தட்டையாகக் கிடக்கும். எளிதில் கண்ணில் படாது. ஆனால் அவை ஓயாமல் கோழை சுரப்பதால், மேலே பழுப்பு மஞ்சளாக ஒரு கோழை மூடி படிந்திருக்கும். குடலைக் கழுவிச் சுத்தப்படுத்திய பிறகும் ஓர் இடத்தில் மட்டும் அந்த மூடி விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தால், அனுபவமுள்ள மருத்துவர் அங்கே கருவியை நிறுத்துவார். நீரைப் பீய்ச்சி மூடியைக் கழுவினால் அடியில் பாலிப் தெரியும். மரபணுவின் தடுமாற்றம் வெறும் கண்ணுக்கே புலப்படும் இடம் இது.

ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மியூசின் சோதனையை மட்டும் வைத்து ஒரு பாலிப்பின் எதிர்காலத்தை யாரும் கணித்துவிட முடியாது. மக்-5ஏசி சில சாதாரண அடினோமாக்களிலும் தோன்றுகிறது, தீங்கு செய்யாத சிறு பாலிப்புகளிலும் தோன்றுகிறது. பயாப்சி ரிப்போர்ட் எழுதும் மருத்துவர் இன்றும் பாலிப்பின் அளவு, வடிவம், செல்களின் ஒழுங்கு ஆகியவற்றையே முதலில் நம்புகிறார். மியூசின் ஆய்வு, அந்த முளை எந்தப் பாதையில் நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத் துணை செய்கிறது.

அடையாளமா, காரணமா?

கோழை மாறுவது, நோயின் வெறும் அடையாளமா? அல்லது அதுவே நோயை முன்னே தள்ளுகிறதா? இரண்டும்தான் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன.

நியூயார்க்கில் அன்னா வெல்சிச், லெனார்ட் ஆகன்லிக்ட் குழுவினர் மக்-2 மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கி, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏ.பி.சி.யையோ வேறெதையுமோ அவர்கள் தொடவில்லை. மக்-2 மட்டுமே இல்லை. அந்த எலிகளுக்குக் குடலில் கட்டிகள் வந்தன. சில, திசுவை ஊடுருவும் புற்றாகவே மாறின. கோத்தன்பர்க் குழுவினர் பிறகு அத்தகைய எலிகளின் குடலைப் பார்த்தபோது, பாக்டீரியாக்கள் செல்களை நேராகவே தொட்டுக்கொண்டு, குழிகளின் அடி வரை இறங்கியிருந்தன. தடுப்பு போனதால் ஓயாத அழற்சி. அழற்சியால் ஓயாத செல் பிரிவு. அதில் பிழை சேரச் சேரப் புற்று.

சர்க்கரைக் கிளை பாதியில் நிற்பதற்கும் விளைவு உண்டு. வாயில் ஈறு நோயோடு தொடர்புடைய ஃபூசோபாக்டீரியம் நியூக்ளியேட்டம் என்ற பாக்டீரியா, குடல் புற்றுக் கட்டிகளில் அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. வாயில் வாழ்வதற்குக் குடலில் என்ன வேலை? ஜெருசலேம் ஆய்வாளர்கள் 2016இல் விடை சொன்னார்கள். அந்த பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதம், காலக்டோசும் அசிட்டைல் காலக்டோசமைனும் சேர்ந்த இரட்டைச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கிறது. கடலை லெக்டின் தேடும் அதே வகைச் சர்க்கரை. நலமான செல்லில் மூடிக் கிடப்பது, கெட்ட செல்லில் திறந்து கிடக்கிறது. பாக்டீரியா அங்கே போய்க் குடியேறுகிறது.

உணவும் இதில் வந்து சேர்கிறது. நார்ச்சத்து இல்லாத உணவை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்து, மகேஷ் தேசாயும் எரிக் மார்ட்டென்சும் 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தின்ன நார் கிடைக்காத குடல் பாக்டீரியாக்கள், கோழையின் சர்க்கரையையே தின்னத் தொடங்கின. கோழைப் படலம் மெலிந்தது. வரகும் கேழ்வரகும் கீரையும் பயறும் தட்டில் இருந்தால் பாக்டீரியாவுக்கு அதுவே தீனி. பட்டை தீட்டிய அரிசியும் மைதாவும் மட்டுமே என்றால் அது நம் கோழையில் கைவைக்கும். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாதுதான். ஆயினும், நார்ச்சத்தும் முழுதானியமும் மிகுந்த உணவு குடல் புற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதற்கு மனிதரிடம் நடந்த ஆய்வுகளிலேயே ஆதாரம் இருக்கிறது.

நம் ஊருக்கு இதில் என்ன?

இந்தியாவில் பெருங்குடல், மலக்குடல் புற்று மேலை நாடுகளைவிடக் குறைவு. அங்கே ஆண்டுக்கு லட்சம் பேரில் 30 பேரைத் தாண்டும் நாடுகள் பல. இங்கே 5 பேர் அளவில். ஆனால் மக்கள்தொகை பெரியது. ஆண்டுதோறும் 60,000 பேருக்கு மேல் புதிதாக இந்த நோய்க்கு ஆளாகிறார்கள்.

எண்ணிக்கையைவிடக் கவலை தருவது வேறொன்று. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கு 2013-14இல் வந்த 800 நோயாளிகளை ஆராய்ந்தபோது, அவர்களின் சராசரி வயது 47தான். மேலை நாடுகளில் இது 65ஐ ஒட்டியிருக்கும். அந்த 800 பேரில் 13 சதவீதத்தினருக்கு வந்தது முத்திரை மோதிரச் செல் வகைப் புற்று. செல்லுக்குள் மியூசின் நிரம்பி வெளியேற வழியின்றித் தேங்கி, உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். நுண்ணோக்கியில் அது மோதிரம் போலத் தெரிவதால் அந்தப் பெயர். மேலை நாடுகளில் இந்த வகை 1 சதவீதத்தை ஒட்டியே காணப்படுகிறது. வேகமாகப் பரவும் வகை இது. மியூசின் மரபணுக்கள் இந்தியக் குடலில் எப்படி நடந்துகொள்கின்றன என்று நம் ஆய்வகங்களே ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. வெளிநாட்டுத் திசுக்களில் கண்டதை மட்டும் வைத்து நம் நோயாளிகளைப் புரிந்துகொண்டுவிட முடியாது.

அந்த 800 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் சொன்ன முதல் தொல்லை, மலத்தோடு ரத்தம் போவது. நம் பக்கம் இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெளிக்குப் போகும்போது ரத்தம் பட்டால் "மூலச்சூடு" என்று சொல்லி மோரும் வெந்தயமும் குடிப்பார்கள். மேலும் போனால், பேருந்து நிலையச் சுவரில் "மூலம், பௌத்திரம்" என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டியின் முகவரிக்குப் போவார்கள். ரத்தம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது மூலமாகவே இருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் எவருக்கு மூலம், எவருக்குப் பாலிப், எவருக்குப் புற்று என்று சுவரொட்டிக்கும் தெரியாது, வெந்தயத்துக்கும் தெரியாது. கையுறை போட்ட விரலை ஆசனவாயில் விட்டு ஒரு நிமிடம் பார்த்தாலே மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் பல அகப்பட்டுவிடும். கூச்சத்தால் நோயாளி மறுப்பதும், நேரமில்லாமல் மருத்துவர் தவிர்ப்பதும் அந்த ஒரு நிமிடத்தைப் பறித்துவிடுகின்றன.

பாலிப்பைப் புற்றாகும் முன்பே எடுத்துவிட முடியும் என்பதுதான் இந்த நோயில் நமக்குக் கிடைத்திருக்கும் பெரும் வாய்ப்பு. ஓர் அடினோமா புற்றாகப் பொதுவாகப் பத்தாண்டு அளவு ஆகும். கொலனோஸ்கோபியில் பாலிப்பைப் பார்த்த அதே இருப்பில், வயிற்றைக் கிழிக்காமலே, கம்பிச் சுருக்கால் அறுத்து எடுத்துவிடலாம். அமெரிக்காவில் சிட்னி வினாவர் தலைமையில் நடந்த ஆய்வு, இப்படிப் பாலிப்புகளை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் குடல் புற்று வருவது, எதிர்பார்த்த அளவைவிட 76 முதல் 90 சதவீதம் வரை குறைந்ததாக 1993இல் காட்டியது. இவ்வளவு எளிதாக முளையிலேயே கிள்ளிவிடக்கூடிய புற்றுகள் மிகச் சிலவே.

நம் அரசுத் திட்டங்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கு மக்களைச் சோதிக்கின்றன. குடல் புற்று அந்தப் பட்டியலில் இல்லை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனை உண்டு. வீட்டிலேயே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். குடும்பத்தில் குடல் புற்று வந்தவர்களுக்காவது அந்தச் சோதனையும் கொலனோஸ்கோபியும் மாவட்ட அளவில் தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டத்துக்குள்ளேயே நோயை முதலில் சந்தேகிக்கவும், தேவையானவரைத் தஞ்சாவூருக்கோ மதுரைக்கோ திருச்சிக்கோ உரிய நேரத்தில் அனுப்பவும் அதுவே ஏற்ற இடம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைகளுக்கும் இடமுண்டு. ஏழை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

வாசகர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். மலத்தில் ரத்தமோ சீதமோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மலம் கழிக்கும் பழக்கம் காரணமில்லாமல் மாறினால், காரணம் தெரியாத ரத்தசோகை இருந்தால், வயது முப்பதே ஆனாலும் மருத்துவரிடம் போங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ குடல் புற்று வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். "விரல் வைத்துப் பார்க்க வேண்டுமா, கொலனோஸ்கோபி தேவையா?" என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். மூலம் என்று தெரிந்தால் நிம்மதி. பாலிப் என்று தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடலாம். கூச்சப்பட்டு மறைத்தால் மட்டுமே இழப்பு.